வீட்டு நீரும் வீண் செலவும்

பொருளின் தன்மையை அறிந்து, அதன் பின்னரே அதன் விலையை உசாவுதல் அறிவுடையோர் வழக்கு. துணி வாங்குவோர் அதனை விரித்துப் பார்க்கின்றனர்; நெல் வாங்குவோர் ஒரு பிடி அள்ளி உமி நீக்கி மென்று பார்க்கின்றனர்; மாடு வாங்குவோர் அதன் பல்லையும் சுழியையும் நோக்குகின்றனர். இங்ஙனம் சிறு பொருளுக்கும் பேராராய்ச்சி செய்யும் நம் மக்கள், நாடோறும் தாம் பருகும் நீரைத் திருத்துதற்கென்று பல்லாயிரம் ரூபாய் கொடுத்து இயந்திரம் வாங்குங்கால் மட்டும், தம் வீட்டு நீர் எத்தகையது என ஒரு முறையேனும் சோதித்தறியாது வாங்குதல் வியப்பினும் வியப்பே. நோய் இன்னதென்று அறியாமுன் மருந்துகளின் விலையை ஒப்பிட்டு நிற்பார் உளரேல், அவரை நாம் நகையாமல் இருப்போமோ? நீரின் காரியத்தில் அந்நகைப்புக்குரியவர் நம்மில் மிகப் பலராவர்.

இந்நாளில் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் சமையலறைச் சுவரில் ‘ஆர்.ஓ.’ என வழங்கும் இயந்திரம் தொங்குகின்றது. சற்று வசதியுடையோர் இல்லங்களிலோ, மாடித் தொட்டியின் அருகே ‘சாஃப்ட்னர்’ என்னும் மென்னீராக்கியும் நிற்கின்றது. இவ்விரண்டும் செய்யும் தொழில் வேறு. வேண்டப்படும் இடம் வேறு. செலவின் வகையும் வேறு. எனினும் இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதன் பயனை அதனிடம் எதிர்பார்த்து ஏமாறுவோரும் பலர். ஆதலின் இவற்றின் செலவைப் பற்றி எம் கருத்தை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்குத் தண்ணீர்க் கணக்கில் என்ன வேலை என்று விஞ்ஞானப் பகுதி நண்பர்கள் நகைத்தல் கூடும். இவ்வியந்திரங்களோடு வரும் குறிப்பேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. அவற்றில் எல்லார்க்கும் விளங்குவது விலை ஒன்றே. இல்லத்தை நடத்தும் தாய்மார் அறிய வேண்டிய செய்தி அவர்தம் மொழியில் எழுதப்படாதவரையில், அவர் விற்போன் சொல்லையே வேதவாக்காகக் கொள்ளுதல் இயல்பு. அதனைத் தமிழில் தெளிவாக எடுத்துரைத்தல் தமிழ் மாணவர் கடமையன்றோ?

முதற்கண், நீரின் குற்றங்கள் பலவகைப்படும் என்பதை உணர்தல் வேண்டும். கலங்கல் ஒன்று; நோய்க் கிருமி ஒன்று; மிகுதியாகக் கரைந்த உப்பு ஒன்று; கடினத்தன்மை ஒன்று; ஃபுளோரைடு முதலிய தீங்கு செய்யும் பொருள்கள் ஒன்று. நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், பருப்பு வேகாத தண்ணீர், நுரை எழாத தண்ணீர் என்றெல்லாம் நம் ஊர்ப் பெண்டிர் இன்றும் வகுத்துப் பேசுகின்றனர். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்க்கும் வழக்கம் மிகப் பழையது. கலித்தொகையிலும் அதன் குறிப்புக் காணப்படுகின்றது. ஆனால் தேற்றாங்கொட்டை கலங்கலைப் படியச் செய்யுமேயன்றி உப்பைப் போக்காது. காய்ச்சுதல் கிருமியைக் கொல்லும். கரைந்த உப்பைக் குறைக்காது. ஃபுளோரைடோ காய்ச்சக் காய்ச்ச, நீர் சுண்டுவதற்கேற்பச் செறிவில் மிகும். ஆகவே ஒவ்வொரு குற்றத்திற்கும் ஒவ்வொரு பரிகாரம் உண்டு. எல்லாக் குற்றங்களையும் ஒருங்கே போக்கும் சர்வரோக நிவாரணி எதுவும் இல்லை.

இக்குற்றங்களை அளத்தற்கு நம் நாட்டில் விதித்த அளவைகள் உள்ளன. குடிநீர்க்கென 2012-இல் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தர நிர்ணயத்தின்படி, ஒரு லிட்டர் நீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருத்தல் நன்று. வேறு நீர் கிடையாதவிடத்து 2,000 மில்லிகிராம் வரை ஏற்கலாம். கடினத்தன்மை, சுண்ணாம்புக் கணக்கில், 200 மில்லிகிராமுக்கு உட்பட்டிருத்தல் நன்று. வேறு வழியின்றேல் 600 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்கு உட்படல் வேண்டும், 1.5-க்கு மேற்படுதல் எவ்வாற்றானும் ஆகாது. நோய்க் கிருமியைக் காட்டும் கோலிஃபார்ம் என்னும் நுண்ணுயிர் 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றேனும் காணப்படலாகாது. இந்நான்கு எண்களை உள்ளத்திற் கொண்டால், விற்போன் எதிரே நாம் வெறுங்கையராய் நிற்க வேண்டுவதில்லை.

இனி இயந்திரங்களின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஆர்.ஓ. இயந்திரத்தில் மிக நுண்ணிய சவ்வு ஒன்றன் வழியே நீர் அழுத்திச் செலுத்தப்படுகின்றது. நீர் ஒருபால் கடக்க, உப்பு மறுபால் தங்கிக் கழிநீரோடு வெளிச்செல்கின்றது. இதற்கேற்ற சவ்வை அமெரிக்காவில் கலிபோர்னியாச் சர்வகலாசாலையில் 1960-ஐ ஒட்டி ஆக்கிய இருவரில் ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆவர். அந்நாட்டின் கோலிங்கா என்னும் ஊரார் 1965-இல் இம்முறையால் உவர்நீரை நன்னீராக்கிப் பருகத் தொடங்கினர். அவ்வூரின் நிலத்தடி நீர் உண்மையிலேயே பருகவொண்ணா உவர்ப்புடையது என்பதை ஈண்டுக் கருதுதல் வேண்டும். உப்பு மிக்கவிடத்து உப்பை நீக்கப் பிறந்தது இக்கருவி.

மென்னீராக்கியின் வரலாறு இதனினும் பழையது. மண் தன்னூடு செல்லும் நீரிலுள்ள ஒரு பொருளை ஏற்று வேறொன்றை விடும் என்பதை 1850-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாம்சன், வே என்போர் வெளியிட்டனர். அவ்வுண்மையைக் கொண்டு நீரை மென்மையாக்கும் முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ராபர்ட் கான்ஸ் வகுத்தார். இக்காலத்து மென்னீராக்கியினுள் ரெசின் என்னும் சிறு மணிகள் நிறைந்துள்ளன. நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பற்றிக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. மணிகள் நிறைந்த பின் உப்புக் கரைசலால் அவற்றைக் கழுவினால் மீண்டும் தொழிலுக்கு ஆகும். ஆகவே மென்னீராக்கி உப்பைப் போக்குவதன்று. ஓர் உப்பிற்கு மற்றோர் உப்பை மாற்றுவதே. அது கிருமியையும் கொல்லாது. இதனை அறியாது, மென்னீராக்கி வைத்துவிட்டோம், இனிக் குடிநீர்க்குக் கவலையில்லை என்பார் பெருந் தவறு செய்வோராவர்.

விற்பனையாளர் சிலர் செய்யும் வித்தையொன்றை இங்கு எடுத்துக் கூறாதிருத்தல் இயலாது. எம் தெருவில் ஓர் இல்லத்திற்கு வந்த விற்பனையாளர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை மேசைமேல் வைத்து, ஒன்றில் அவ்வீட்டு நீரையும் மற்றதில் தம் இயந்திர நீரையும் நிரப்பி, இரண்டிலும் உலோகக் கம்பிகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினார். இரண்டு நிமிடத்தில் வீட்டு நீர் செம்பழுப்பாய்க் கலங்கியது. மற்றது தெளிவாய் நின்றது. “இத்தனை அழுக்கையும் தாங்கள் குடித்து வந்தீர்கள்” என்று அவர் கூறவே, வீட்டார் நடுங்கி, மாதத் தவணைக்கு அன்றே கையெழுத்திட்டனர். அவ்வழுக்கு நீரிலிருந்து வந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது. உப்புள்ள நீரில் மின்சாரம் ஓடும். ஓடவே இரும்புக் கம்பி கரைந்து துருவாய் வெளிப்படும். உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் நன்கு ஓடாது. ஆதலின் கம்பி கரையாது. அந்தத் தெளிந்த தம்ளரில் ஒரு சிட்டிகை சமையலுப்பு இட்டிருந்தால் அதுவும் அவ்வாறே பழுத்திருக்கும். ‘டி.டி.எஸ். மீட்டர்’ என்னும் சிறு கருவியும் கரைந்த உப்பின் அளவை மட்டுமே தோராயமாகக் காட்டும். கிருமி உண்டோ, ஃபுளோரைடு உண்டோ என்பதைக் காட்டாது. அச்சத்தை விளைத்து விற்கப்படும் பொருளின் விலை, எத்துணைக் குறைந்ததாயினும், மிகுந்த விலையே.

இனிக் கணக்கிற்கு வருவோம். நால்வர் அடங்கிய ஒரு குடும்பம் பருகவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் நீர் கொள்ளும் எனக் கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் அது 36,500 லிட்டர் ஆகும். கீழ்வரும் விலைகள் கணக்கின் பொருட்டு யாம் கொண்ட மாதிரிகளே. ஊருக்கு ஊர் அவை வேறுபடும். படிப்போர் தத்தம் ஊர் விலையை அவ்விடத்து இட்டுப் பார்த்துக்கொள்க.

கேன் தண்ணீர் வாங்கும் வீட்டில், 20 லிட்டர்க் கேன் ஒன்று 40 ரூபாய் எனின், ஐந்தாண்டுச் செலவு 73,000 ரூபாய். லிட்டர் 2 ரூபாய். இங்கு முன்பணம் பெரிதன்று. ஆதலின் சுமையும் புலப்படுவதில்லை. நாடோறும் சிறிது சிறிதாகச் செல்லும் பணமே முடிவில் மிகப் பெருந்தொகையாகின்றது.

ஆர்.ஓ. இயந்திரத்தின் விலை 15,000 ரூபாய் எனவும், வடிகட்டிகளும் சவ்வும் மாற்றும் செலவு ஆண்டுக்கு 4,500 ரூபாய் எனவும், மின்சாரம் ஆண்டுக்கு 150 ரூபாய் எனவும் கொண்டால், ஐந்தாண்டுச் செலவு 38,250 ரூபாய். லிட்டர் ஏறத்தாழ 1 ரூபாய் 5 காசு. இதில் இயந்திரத்தின் விலை 15,000. அதனைப் பேணும் விலையோ 23,250. கடையில் நாம் பேரம் பேசுவது முன்னதைப் பற்றி மட்டுமே. பின்னதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. இரண்டாயிரம் ரூபாய் தள்ளுபடி பெற்று மகிழ்ந்து வீடு திரும்புவோர், ஆண்டுதோறும் அதனினும் மிகுதியாகக் கொடுக்கவிருப்பதை உணர்வதில்லை.

உப்புக் குறைந்து கிருமி ஐயம் மட்டும் உள்ள நீருக்கு, புறவூதா விளக்கொளி கொண்டு கிருமியை அழிக்கும் ‘யு.வி.’ இயந்திரம் போதும். விலை 8,000 ரூபாயும், ஆண்டுச் செலவு 2,000 ரூபாயும், ஐந்தாண்டு மின்சாரம் 250 ரூபாயும் எனக் கொண்டால், மொத்தம் 18,250 ரூபாய். லிட்டர் 50 காசு. இதன் விளக்கு எரிந்துகொண்டிருப்பினும் ஏறத்தாழ ஓராண்டில் வலி குன்றுமாதலின், ஆண்டுக்கொரு முறை மாற்றியே தீர வேண்டும்.

காய்ச்சுதலைப் பலர் செலவற்றதென எண்ணுகின்றனர், அஃது உண்மையன்று. 20 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 210 கிராம் சமையல் எரிவாயு வேண்டும். 14.2 கிலோ கொண்ட சிலிண்டர் ஒன்று இவ்வாறு 67 நாள் வரும். ஐந்தாண்டிற்கு 27 சிலிண்டர் ஆகும். ஒன்று 900 ரூபாய் எனின் 24,300 ரூபாய். ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. சோற்றுக்கும் குழம்புக்கும் இடும் நீர் அடுப்பில் எவ்வாறும் கொதிக்கின்றது. அதனைத் தனியே காய்ச்ச வேண்டுவதில்லை. பருகும் 10 லிட்டரை மட்டும் காய்ச்சினால் செலவு ஏறத்தாழப் பாதியாகி, 12,150 ரூபாயில் முடியும். கரைந்த உப்பும் ஃபுளோரைடும் வரம்பிற்குள் அடங்கிய நீருக்கு, நம் பாட்டிமார் கையாண்ட முறையே இன்றும் மலிவானது.

இக்கணக்கால் விளங்குவது யாது? எது மலிவு என்னும் வினாவுக்கு விடை இயந்திரத்தில் இல்லை, நீரில் உள்ளது. கோயமுத்தூரில் சிறுவாணி நீர் பெறும் வீட்டையும், கடலோரத்தில் உவர்க்கிணறு ஒன்றையே நம்பியிருக்கும் வீட்டையும் ஒருங்கு நோக்குக. சிறுவாணி நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு, அதற்கு ஆர்.ஓ. வைத்தல், இல்லாத உப்பை நீக்கப் பணம் இறைத்தலாகும். அவ்வியந்திரம் உடலுக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம் முதலியவற்றையும் உடன் நீக்கிவிடும். உவர்க்கிணற்று வீட்டிற்கோ ஆர்.ஓ. ஆடம்பரமன்று, அவசியமே. அங்கு யு.வி. விளக்கை வாங்குவோன் பாதி விலைக்கு வாங்கினும் முழுப்பணத்தையும் இழந்தவனே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு மிக்க நிலத்தடி நீரையே பருகிவந்த ஊர்களோ வேறு வகையின. அக்கேட்டை நீக்குதற்கென்றே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அத்தகைய கிணற்று நீரைக் காய்ச்சிப் பருகுதல் தீங்கைக் குறைப்பதன்று, மிகுப்பதாகும்.

மென்னீராக்கியின் கணக்கு இதனின் வேறு. அது குடிநீர்க்கு மட்டும் உரியதன்று; குளிக்கவும், துவைக்கவும், வெந்நீர்க் கொதிகலத்திற்கும் உரியது. நாளொன்றுக்கு 500 லிட்டர் நீரை, லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையிலிருந்து மென்மையாக்குவதாகக் கொள்வோம். ஓராண்டில் நீக்கவேண்டிய சுண்ணாம்புப் பொருள் 73 கிலோ. ஒவ்வொரு கிலோவிற்கும் இரண்டரைக் கிலோ உப்பு எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 182 கிலோ உப்பு. ஐந்தாண்டில் 912 கிலோ. உப்பு கிலோ 15 ரூபாய் வீதம் 13,700 ரூபாய். கருவி 35,000 ரூபாய். ஆண்டுப் பராமரிப்பு 1,500 வீதம் 7,500 ரூபாய். ஆக மொத்தம் 56,200 ரூபாய். லிட்டர்க் கணக்கில் இது 6 காசுக்குச் சிறிது மிகுதி. விற்போர் இந்த ஆறு காசையே எடுத்துக் காட்டுவர்; வாங்குவோர் ஐம்பத்தாறாயிரத்தையும் உடன் நோக்குதல் வேண்டும்.

இதற்குப் பயன் இல்லை என்பது எம் கருத்தன்று. 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் லிட்டர் ஒன்று, நுரை எழுமுன் ஏறத்தாழ இரண்டரைக் கிராம் சோப்பை வீணாய்த் திரளச் செய்யும். பத்து லிட்டர் வாளியில் இருபத்து நான்கு கிராம் வரை பாழாகும். குழாய் அடைபடுதலும், கொதிகலத்தின் உள்ளே சுண்ணாம்பு படிதலும் மெய்யே. ஆனால் அந்நட்டத்தைத் தடுக்கும் எளிய வழிகளும் உள. துணி துவைக்கும் நீரில் ஏற்ற அளவு சலவைச் சோடா இட்டால் அக்கடினத்தன்மையிற் பெரும்பகுதி அகலும். இக்காலத்துச் சலவைத் தூள்கள் கடின நீரிலும் ஓரளவு தொழில் செய்யும். கடின நீரைப் பருகுவதால் நோய் உண்டாகுமென்று கருதி உலக சுகாதார நிறுவனம் அதற்கு எல்லை எதுவும் விதித்திலது. மாறாக, முன் கூறிய நீரை முற்றிலும் மென்மையாக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம் அதில் ஏறும். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் பருகுவோர்க்கு, அந்நிறுவனம் வயது வந்தோர்க்கு வகுத்த 2,000 மில்லிகிராம் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைந்த அளவு நீரினாலேயே வந்துவிடும். இரத்த அழுத்த நோயுடையார் உள்ள இல்லத்தில் இதனை எண்ணிப் பார்த்தல் கடன். ஆதலின் சமையலறைக் குழாயை மென்னீராக்கிக்கு உட்படுத்தாது விடுதலே நன்று.

இதுகாறும் கூறியது வாங்குவோன் பையிலிருந்து செல்லும் பணம். வேறொரு செலவு உண்டு. அது பிறர் பையிலிருந்து செல்வது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நன்னீர் தருதற்குப் பெரும்பாலும் மூன்று லிட்டர் வரை கழித்து விடுகின்றது. அவ்வளவே கொண்டு நோக்கின், நாம் முற்கூறிய குடும்பம் ஐந்தாண்டில் கழிக்கும் நீர் 1,09,500 லிட்டர். அஃதாவது 12,000 லிட்டர்த் தண்ணீர் லாரி ஒன்பது. இதனாலன்றோ தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கரைந்த பொருள் 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தடைசெய்ய விதி வகுக்குமாறு 2019-இல் மத்திய அரசிற்குப் பணித்தது? மென்னீராக்கியைக் கழுவிய உப்புநீரோ, ஐந்தாண்டில் ஏறத்தாழ ஒரு டன் உப்பைச் சுமந்துகொண்டு சாக்கடைக்கோ உறிஞ்சு குழிக்கோ செல்கின்றது. உறிஞ்சு குழியிற் சென்ற உப்பு எங்கே போகும்? தெருவின் நிலத்தடி நீரில் கலக்கும். ஒரு தெருவில் நூறு வீட்டார் இங்ஙனம் செய்வாராயின், ஐந்தாண்டில் தொண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட உப்பு அத்தெரு மண்ணில் இறங்கும். இயந்திரம் வாங்க இயலாது கிணற்று நீரையே நம்பியிருக்கும் கடைசி வீட்டு ஏழை, பிறர் நீரைத் திருத்திய செலவைத் தன் குடத்தில் ஏந்திக் கொள்கின்றான். அவன் பங்கு எந்த விலைச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். “அரசும் நகராண்மையும் நன்னீர் தந்தால் யாம் ஏன் இயந்திரம் வாங்குகின்றோம்?” என்பர். அது நியாயமான கேள்வியே. குழாய் நீர் நம்பத்தக்கதாயிருத்தல் வேண்டும் என்று கேட்பது குடிமக்கள் உரிமை. ஆனால் இயந்திரம் வைத்தோர் அக்கேள்வியை உரத்துக் கேட்பதை விட்டுவிடுகின்றனர் என்பதே எம் வருத்தம். வசதியுடையோர் தம் வீட்டுச் சுவரோடு நீர்ப் பிரச்சினை தீர்ந்ததென்று கருதி அமைவாராயின், பொதுக்குழாயைப் பற்றி வாதாட எஞ்சுவோர் குரலற்ற எளியோரே. வேறு சிலர், “பிள்ளைகள் உடல்நலத்தில் காசு பார்க்கலாமோ?” என்பர். பார்த்தல் கூடாதுதான். ஆனால் சோதியாது வாங்குதல் உடல்நலத்தைக் காத்தல் அன்று. காத்ததாக எண்ணி மன அமைதி கொள்ளுதலே. வடிகட்டி மாற்றாது மூன்றாண்டு ஓடும் இயந்திரத்தின் நீர், காய்ச்சிய நீரினும் ஐயத்திற்குரியது.

ஆகவே எம் கருத்து இது: இயந்திரச் செலவில் முதற் செலவு சோதனைச் செலவாக இருத்தல் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைச்சாலைகளில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். இயந்திர விலையோடு ஒப்பிடின் அக்கட்டணம் சிறிதே. ஆயினும் அவ்விடத்தை நாடிச் செல்வோர் எத்தனை பேர்? வழியறியாமையும் தயக்கமும் மக்களைத் தடுக்கின்றன. இத்தயக்கத்தைப் போக்குதற்கு நம் கல்லூரி செய்யக்கூடிய தொண்டு ஒன்றுண்டு.

நம் இரசாயன ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் மாணவர்கள் நீரின் கடினத்தன்மையை அளந்து பழகுகின்றனர். புட்டியில் ஆயத்தமாகக் கொடுக்கும் கரைசலை அளந்து, விடையைக் குறிப்பேட்டில் எழுதி, மதிப்பெண் பெற்று, நீரைத் தொட்டியிற் கொட்டிவிடுகின்றனர். அவ்வளவு கண்ணாடியும், அவ்வளவு மருந்தும், அவ்வளவு உழைப்பும் எவர்க்கும் பயனின்றிக் கழிகின்றன. புட்டிக் கரைசலில் பழகிய பின், விடுமுறையிலிருந்து மீளும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு நீர் ஒரு புட்டி, அயல் வீட்டு எளியவர் நீர் ஒரு புட்டி கொணர்வாராயின், அதே பயிற்சி நூற்றுக்கணக்கான இல்லங்களுக்கு வழிகாட்டியாகும். கரைந்த உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு ஆகிய மூன்றையும் இரசாயன மாணவர் அளக்கட்டும். கிருமிச் சோதனைக்குரிய நீர் தூய புட்டியில் எடுத்து விரைந்து சோதிக்கப்பட வேண்டுவதாகலின், அதனை அண்மையிலுள்ள இல்லங்களுக்கு மட்டும் உயிர்நூல் மாணவர் செய்யட்டும். தமிழ் மாணவராகிய யாங்கள் அம்முடிவுகளை எல்லார்க்கும் விளங்கும் தமிழில் சிறு சீட்டாக எழுதித் தர ஆயத்தமாயுள்ளோம். “இந்நீர் காய்ச்சிப் பருகப் போதும்”, “இந்நீர்க்கு உப்பு நீக்கும் இயந்திரம் வேண்டும்”, “இந்நீரைக் குடித்தல் ஆகாது, வாரியத்தின் சோதனைச்சாலைக்குச் செல்க” என்னும் மூன்று வாக்கியங்கள் போதும். பதினையாயிரம் ரூபாய்ச் செலவை ஒரு வரி தடுத்தல் கூடும். ஒரு குழந்தையின் எலும்பையும் பல்லையும் வேறொரு வரி காத்தல் கூடும்.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வேண்டுகோளைக் கருணையுடன் நோக்குவார்களாக. பழைய மாணவர்களுள் வைத்தியரும், பொறியியலாரும், வாரிய அலுவலரும் பலர் உளர். அவர்கள் அறிவுரை நமக்குக் கிட்டுமாயின் இது பெருங் காரியமன்று. விடுதியிலிருந்தே இதனைத் தொடங்கலாம். விடுதி உணவுக்கூடத்தின் நீரைச் சோதித்து, அதன் முடிவைக் கூடத்துச் சுவரில் ஒட்டுதல் முதற்படியாகுக. பிறர் வீட்டு நீரைக் கேட்குமுன் நம் நீரைக் காட்டுதல் முறையன்றோ?

நண்பர்காள்! இவ்விடுமுறையில் உங்கள் இல்லத்தில் இயந்திரம் வாங்குவது பற்றிப் பேச்செழுமாயின், எக்கம்பெனி, என்ன விலை என்னும் கேள்விகளுக்கு முன், “நம் நீரில் என்ன குற்றம்?” என்னும் கேள்வியை எழுப்புங்கள். அதற்கு விடை கிடைத்த பின், ஐந்தாண்டுச் செலவு எவ்வளவு, கழிநீர் எங்கே செல்லும் என்னும் இரண்டையும் கேளுங்கள். இம்மூன்றற்கும் விடை தருவோனிடம் வாங்குங்கள். தாராதவன் எத்துணை மலிவாகக் கொடுப்பினும், அவன் தவணைச் சீட்டில் உங்கள் தந்தையார் கையெழுத்திடுதல் வேண்டா.